தெருமூலைச் சாப்பாட்டுக்கடை

எங்கள் சங்கத்தின் புத்தாண்டு மலருக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு சரித்திரக் கட்டுரை எழுதுவது என் பங்கு. யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதினேன், பறங்கியர் காலத்தைப் பற்றி எழுதினேன். இந்த முறை தெருமூலையில் இருக்கும் மெக்சிக்கோக்காரரின் சாப்பாட்டுக்கடையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் செயலாளர் தம்பி சிரித்துப்போட்டு, "அண்ணை, வருஷப் பிறப்புக்கும் தாக்கோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. மாசி மாதக் கூட்டத்தில் புத்தாண்டு விழா மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. செயற்குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சி, "இந்த வருஷம் மூலைக் கடையில் ஓடர் குடுப்பம்" என்றா. எங்கள் மாஸ்ரர் எழும்பி, "வருஷத்தில ஒருநாள் எங்கட பிள்ளையளுக்கு எங்கட சாப்பாட்டைக் குடுக்க ஏலாதெண்டால் பிறகு சங்கம் என்னத்துக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. முடிவு எடுக்காமல் கூட்டம் கலைந்தது. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த சரித்திரத்தை வைத்து ஒரு பதில் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கோ.

முதல் தட்டு

1985ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நான் லொஸ் ஏஞ்சலிசில் வந்து இறங்கினேன். ஒரு அறையில் ஆறு பேர். அறையில் இருந்த ஒரு அண்ணை மூலைக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய், எனக்கும் ஏதும் வேலை இருக்குமோ என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டார். முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மேசையில் இருத்தி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தா.

தட்டில் தக்காளி போட்டுச் சமைத்த சிவந்த சோறு. பக்கத்தில் அவித்து மசித்த பீன்ஸ். நடுவில் சோள ரொட்டியைச் சுருட்டி, அதன்மேல் செத்தல் மிளகாய்க் குழம்பு ஊற்றியிருந்தது. அதற்குப் பெயர் என்சிலாடா என்று பிறகுதான் அறிந்தேன். 'மிளகாய் சேர்த்தது' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஊரை விட்டு வெளிக்கிட்டு, வழியில் தங்கிய இடமெல்லாம் உறைப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டு வந்த எனக்கு ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. உறைப்பு கூடிப்போச்சு என்று நினைத்து முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தா. அடுத்த நாள் வேலைக்கு வரச் சொன்னா. கடதாசி ஒன்றும் கேட்கவில்லை.

மிளகாய் வந்த வழி

அந்த உறைப்பு எனக்கு ஊர்ச் சாப்பாட்டை நினைப்பூட்டியது. உண்மை என்னவென்றால், அது எங்கள் ஊருக்கே அவர்களிடம் இருந்து வந்தது. நாங்கள் பாவிக்கும் மிளகாயை முதன்முதலில் பயிராக்கியவர்கள் மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள். 1492இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போகும்வரை இந்தியாவிலோ இலங்கையிலோ ஒருவரும் மிளகாயைக் கண்டதில்லை. எங்கள் முன்னோருக்கு உறைப்பு என்றால் மிளகுதான். போர்த்துக்கேயர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்தார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். அவர்களின் கப்பல் வழிகளில்தான் மிளகாய் ஆசியாவில் பரவியது. மிளகைப் போல உறைக்கிற காய் என்றபடியால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

1970களில் இலங்கை அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். என்னைப் படிப்பித்த காசும் மிளகாய்க் காசுதான். அது ஒரு மெக்சிக்கோச் செடி என்று என்ர ஐயாவுக்குத் தெரியாது.

மிளகாய் மட்டுமல்ல. தக்காளி, கொய்யா, பப்பாசி, அன்னமுன்னா எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. நாங்கள் வெள்ளைக்கறி வைக்கும் போஞ்சிகூட அங்கிருந்து வந்ததுதான். அந்த மூலைக் கடையில் மசித்து வைக்கும் பீன்ஸ் வேறொன்றுமில்லை, போஞ்சி இனத்தின் முற்றிக் காய்ந்த விதை. மறுபக்கமாகவும் பொருட்கள் போயின. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியரின் கப்பல்கள் ஓடின. ஆசியாவின் மாம்பழம் அந்த வழியாக மெக்சிக்கோவுக்குப் போனது. புளியும் கடல் தாண்டிப் போனதே. மூலைக் கடையில் பெரிய கண்ணாடிப் போத்தலில் புளிக்கரைசலில் சீனி போட்ட ஒரு குடிபானம் இருக்கும், அதற்குத் தமரிந்தோ என்று பெயர். அராபியர் புளியை 'இந்தியப் பேரீச்சம்பழம்' என்று அழைத்த சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

சமையல்கட்டில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒரு கருங்கல். மூன்று குட்டைக் கால் வைத்த சரிவான கல், அதன்மேல் உருட்ட ஒரு குழவி. மெத்தாத்தே என்பார்கள். பார்த்ததும் "இது எங்கட அம்மி" என்று தமிழிலேயே சொல்லிப்போட்டேன். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஒரு இரவு ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்கி, முற்காலத்தில் அந்தக் கல்லில்தான் அரைப்பார்கள். அந்த மாவைத் தட்டிச் சுட்டால் தொர்த்தியா என்ற ரொட்டி. சோள மடலில் வைத்துக் கட்டி நீராவியில் அவித்தால் தமாலே, எங்கள் கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரன். சுண்ணாம்பு சும்மா போடுவதில்லை. சோளத்தில் கட்டுண்டு இருக்கும் ஒரு விற்றமினை அதுதான் உடம்பு எடுக்கக்கூடியதாக்குகிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளும் பெலக்ரா என்ற நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

பலகையில் எழுதாத பெயர்

இனி இந்தக் கடைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். கலிபோர்ணியாவும் ரெக்சாசும் ஒருகாலத்தில் மெக்சிக்கோவின் பகுதிகள். ரெக்சாஸ் 1836இல் பிரிந்தது. பின் யுத்தம் நடந்து, 1848 மாசி 2ஆம் திகதி எழுதிய குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கையில் கலிபோர்ணியா உட்படப் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவிடம் போனது. மெக்சிக்கோ இழந்தது தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு அசையாமலே வேறு நாட்டின் குடிகளானார்கள்.

ரெக்சாசின் சான் அன்ரோனியோ நகரச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மெக்சிக்கோப் பெண்கள் இரவு நேரங்களில் விளக்கைக் கொளுத்தி வைத்து, மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு விற்றார்கள். 'மிளகாய் இராணிகள்' என்று அவர்களுக்குப் பட்டம். ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் எல்லாம் ருசித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி நகர நிர்வாகம் அந்தப் பெண்களைச் சதுக்கத்தில் இருந்து அகற்றத் தொடங்கியது. சாப்பாடு வேணும், சமைக்கிற ஆக்கள் வேண்டாம் என்ற கதை.

1910இல் மெக்சிக்கோவில் புரட்சி வெடித்தது. பத்து வருஷம் சண்டை. இலட்சக்கணக்கான சனம் எல்லை தாண்டி வந்தது. யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களை அகதி என்றுதானே சொல்லவேண்டும்? தோட்டங்களிலும் ரயில் பாதை வேலைகளிலும் சேர்ந்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு தேவைப்பட்டது. வீட்டு முன்னறையில் நாலு மேசை போட்டு ஒரு குடும்பம் சமைத்தால் அதுதான் கடை. தெருமூலைக் கடைகள் பல அப்படித்தான் தோன்றின.

1923இல் லொஸ் ஏஞ்சலிசில் போர்க்கேஸ் என்ற குடும்பம் ஒரு கடை திறந்தது. எல் சோலோ என்ற பெயரில் அது நூறு வருஷம் தாண்டி நிலைத்த கடை. அதன் பழைய பலகையில் 'ஸ்பானியக் கடை' என்றுதான் இருந்தது. அந்தக் காலத்து மெக்சிக்கோக் கடைகள் பல அப்படித்தான் எழுதிக்கொண்டன. மெக்சிக்கோ என்றால் இளக்காரம், ஸ்பெயின் என்றால் மரியாதை. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம்மவர் திறந்த கடைகளின் பலகைகளில் எத்தனை வருஷம் 'இந்தியன் றெஸ்ரோறன்ற்' என்று எழுதினோம்? உள்ளே சமைப்பவர் பருத்தித்துறை, பரிமாறுபவர் கிளிநொச்சி.

1931

முதலாளியம்மாவின் கடையில் காசுப்பெட்டிக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு கடதாசி தொங்கும். கடை நடத்தும் அனுமதிப் பத்திரம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் தூசு தட்டும்போது பார்த்தால் அது ஒரு பிறப்புச் சான்றிதழ். முதலாளியம்மாவின் தாயாருடையது. பிறந்த இடம் லொஸ் ஏஞ்சலிஸ், ஆண்டு 1922.

அதன் கதையை அவவே சொன்னா. 1929இல் பங்குச்சந்தை விழுந்து அமெரிக்காவெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, "எங்கட வேலையை மெக்சிக்கோக்காரர் பறிக்கிறார்கள்" என்ற கூச்சல் எழுந்தது. 1931 மாசி 26ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிசின் பழைய சதுக்கமான லா பிளாசித்தாவைச் சுற்றிவளைத்து, அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏறக்குறைய 400 பேரை மறித்து வைத்துக் கடதாசி கேட்டார்கள். பிடித்தவர்களின் தொகை சிறிது, பரவிய பயம் பெரிது. கவுண்டி நிர்வாகமே பணம் கட்டி ரயில் பிடித்துக் குடும்பம் குடும்பமாக மெக்சிக்கோவுக்கு அனுப்பியது. 1930களில் நாடு முழுவதிலும் இருந்து போனவர்களின் தொகையைச் சில இலட்சம் என்பாரும் உண்டு, இருபது இலட்சம் வரை என்பாரும் உண்டு. அவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்காவிலே பிறந்த குடிமக்கள்.

முதலாளியம்மாவின் தாயாரும் அப்படி ஒரு ரயிலில் ஏற்றப்பட்டவர். அப்போது ஒன்பது வயது. தான் பிறந்த நாட்டில் இருந்து, தான் ஒருநாளும் காணாத 'சொந்த நாட்டுக்கு'. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அந்தச் சான்றிதழை வைத்துத் திரும்பி வந்து, உழைத்துச் சேர்த்து, 1952இல் இந்தக் கடையைத் திறந்தார். அதனால்தான் அது சுவரில் தொங்கியது. கலிபோர்ணியா மாநிலம் அந்த வெளியேற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சட்டம் இயற்றியது 2005இல்தான்.

சாப்பாட்டுக்கடையில் கூடிய கூட்டம்

லொஸ் ஏஞ்சலிசுக்குக் கிழக்கே சான் பேர்ணாடினோ என்ற ஊரில் 1937இல் லூசியா ரொட்ரிகேஸ் என்ற பெண்மணி தொடங்கிய மித்லா கபே என்ற கடை உண்டு. 1950களில் அதற்கு எதிரே ஹம்பேகர் விற்ற கிளென் பெல் என்பவர் அங்கே பொரித்த தாக்கோ சாப்பிடப் போவார். தங்கள் சமையலறையிலேயே அதன் செய்முறையைக் காட்டிக்கொடுத்தோம் என்பது அந்தக் கடைக்காரர் சொல்லும் கதை. அவர் 1962இல் திறந்த 'ராக்கோ பெல்' பின்னர் உலகம் முழுதும் கிளை பரப்பியது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும், மித்லாவைத் தெரியாது.

ஆனால் மித்லாவின் பெருமை தாக்கோ மட்டுமல்ல. அந்த ஊரின் நகர நீச்சல்குளத்தில் மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளை மற்றவர்களோடு சமமாகக் குளிக்க விடவில்லை. பத்திரிகை ஆசிரியர் இக்னாசியோ லோப்பஸ், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், மாணவர்கள் என்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அதற்கான கூட்டங்கள் மித்லாவில் நடந்தன. 1944இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் கலிபோர்ணியாவில் மெக்சிக்கோப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கூடங்களில் ஒதுக்கியதற்கு எதிரான மெண்டேஸ் வழக்கு 1946இலும், மேல்முறையீட்டில் 1947இலும் வென்றது. நாடு முழுவதற்குமான தீர்ப்பு 1954இல் வந்தது. மண்டபம் வாடகைக்கு எடுக்க வசதியில்லாத ஒரு சமூகத்துக்குச் சாப்பாட்டுக்கடைதான் மண்டபம்.

இது எங்களுக்கும் பொருந்தும். 1986இல் அமெரிக்கா ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1982 தை 1ஆம் திகதிக்கு முன் வந்து தொடர்ந்து இருந்தவர்களுக்கும், தோட்ட வேலை செய்த ஒரு பகுதியினருக்கும் நிரந்தர வதிவுரிமை பெற வழி பிறந்தது. ஏறக்குறைய 27 இலட்சம் பேர் பயன்பெற்றார்கள். எங்கள் கடையின் பெரிய சமையற்காரர் அதில் ஒருவர். நாங்கள் அவரைத் தியோ என்று கூப்பிடுவோம், மாமா என்று அர்த்தம். கடதாசி கிடைத்த அன்று அடுப்படியில் நின்று அழுதார். எங்களில் அநேகர் 1983 ஆடிக்குப் பிறகு வந்தவர்கள். ஒன்றரை வருஷத்தால் பிந்திவிட்டோம். அகதி மனுப் போட்டு, நீதிபதிக்கு முன் நின்று, ஊரில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டி இருந்தது.

அந்த மனுக்களை நிரப்ப ஒருவருக்கு ஒருவர் உதவத்தான் 1987இல் நாங்கள் பதினொரு பேர் முதன்முதலாகக் கூடினோம். மூலைக் கடையின் பின்னறையில், கடை பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை. வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு முதலாளியம்மா, "என்ர அம்மா காலத்தில் இருந்து இந்த அறையில் ஆக்கள் கூடுறவை, ஒருவரிடமும் காசு வாங்கினதில்லை" என்றா. தியோ வீட்டில் இருந்து வந்து பீன்ஸ் சூடாக்கித் தந்தார். அந்தப் பதினொரு பேரில் எங்கள் மாஸ்ரரும் ஒருவர். மரக்கறிக்காரரான அவர், பீன்சில் பன்றிக் கொழுப்புப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் தொடவில்லை. அதை அறிந்த தியோ வேறு சட்டியில் எண்ணெயில் தாளித்துக் கொடுத்தார். மாஸ்ரருக்கு ஞாபகம் இருக்கும்.

மாஸ்ரருக்கு என் பதில்

முதலாளியம்மாவும் தியோவும் காலமாகிவிட்டார்கள். கடையை நடத்துவது முதலாளியம்மாவின் மகள். 2025 ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சலிசில் குடிவரவு அதிகாரிகள் தெருக்களிலும் வேலைத்தலங்களிலும் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இராணுவக் காவற்படையும் இறக்கப்பட்டது. அந்தக் கிழமை நான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மூலைக் கடைக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி. ஒரு மேசையிலும் ஆள் இல்லை. சமையற்காரர் இருவர் வேலைக்கு வரவில்லை. மகள் தானே சமைத்துக்கொண்டு வந்து வைத்து, "இண்டைக்கு நீங்கள்தான் முதல் ஆக்கள்" என்றா. காசுப்பெட்டிக்கு மேலே பார்த்தேன். பாட்டியின் சான்றிதழ் அங்கேயே இருந்தது. தன்னுடைய சான்றிதழின் பிரதி கைப்பையில் இருக்கிறது என்று சொன்னா. அவ பிறந்ததும் லொஸ் ஏஞ்சலிசில்தான்.

சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று நாங்கள் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தவர்கள் நாங்கள்.

மாஸ்ரர் சொல்வது போல எங்கள் சாப்பாட்டைப் பிள்ளைகள் அறியவேண்டும். பொங்கலும் வடையும் பலகாரமும் எங்கள் அக்காமார் செய்யட்டும், அதை ஒருவரும் நிற்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் 'எங்கட சாப்பாடு' என்று நாங்கள் சொல்லும் தட்டில் மிளகாயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கோதம்பமாப் பிட்டுக்கூட எங்கள் மண்ணில் விளைந்த தானியம் அல்ல. சாப்பாடு கைமாறி வந்தது என்பதைப் பிள்ளைகள் அறிவதும் எங்கள் சரித்திரத்தை அறிவதுதான்.

ஆகையால் நான் முன்வைப்பது இதுதான். மதியச் சாப்பாட்டை மூலைக் கடையில் எடுப்போம். மரக்கறி மட்டும், எண்ணெயில், தனிச் சட்டியில். மகளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். சங்கத்துக்கென்று விலை குறைக்க வந்தா, நான் வேண்டாம் என்றேன். 1987இல் கொடாத வாடகை இன்னும் நிலுவையில் இருக்கிறது. சாப்பாட்டோடு மகளையும் குடும்பத்தையும் விருந்தினராக அழைப்போம். அந்தப் பின்னறைக் கதையைப் பிள்ளைகளுக்கு மாஸ்ரரே எழும்பிச் சொல்லட்டும். என்னைவிட அவர் நன்றாகச் சொல்லுவார்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.